போர்க்காலத்து பிக் பேண்ட் படங்கள்: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

1940களின் முதல் பாதியில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் ஆண்டுதோறும் விடாமல் தயாரித்து வெளியிட்ட ஒரு வகைப் படம் உண்டு. ஒரு காதல் ஜோடி, அவர்களுக்கிடையே கடைசிக் காட்சி வரை நீடிக்கும் ஒரு தவறான புரிதல், சிரிக்க வைப்பதற்கென்றே ஒரு நகைச்சுவை நடிகர், இவர்கள் அனைவரையும் சுற்றி ஒரு பெரிய இசைக்குழு: இவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. அந்த இசைக்குழு படத்துக்காகக் கூட்டிச் சேர்த்தது அன்று. வானொலியிலும் இசைத்தட்டிலும் நடன அரங்குகளிலும் நாடே அறிந்திருந்த உண்மையான குழு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அது பல பாடல்களை வாசித்து முடிக்கும், காதலர்கள் சேர்வார்கள், பார்வையாளர்கள் வீடு திரும்புவார்கள். உலகப் போரின் நடுவே இத்தகைய படங்கள் ஏன் இவ்வளவு எடுக்கப்பட்டன, மக்கள் ஏன் அவற்றை விரும்பிப் பார்த்தார்கள், இன்று அவற்றை எப்படிப் பார்க்கலாம் என்பதை இந்த வகைப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்திராதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இசைக்குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிக் பேண்ட் என்பது பொதுவாக 12 முதல் 20 பேர் வரை கொண்ட ஜாஸ் இசைக்குழு. சாக்ஸபோன் வாசிப்பவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். டிராம்போன்காரர்களும் டிரம்பெட்காரர்களும் அவர்களுக்குப் பின்னால் இருப்பார்கள். பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ் ஆகியவை தாளத்தைத் தாங்கி நிற்கும். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிக்கத் தொடங்கினால் இரைச்சலே மிஞ்சும் என்பதால், ஒவ்வொரு பிரிவும் எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்பதை அரேஞ்சர் என்னும் இசையமைப்பாளர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். அந்த எழுத்துக்கு நடுவே தனி ஒருவர் எழுந்து நின்று தன் கற்பனைக்கு ஏற்றபடி வாசிப்பதற்கும் இடம் விட்டிருப்பார்கள். சாக்ஸபோன் வரிசை ஒரு சிறு சொற்றொடரைச் சொல்ல, டிரம்பெட் வரிசை அதற்கு மறுமொழி கூற, இரண்டும் மாறி மாறி வேகமெடுத்து இறுதியில் ஒன்றாகச் சேர்ந்து முழங்கும் இடமே இந்த இசையின் உயிர்நாடி.

ஸ்விங் என்று அழைக்கப்பட்ட இந்த இசை 1935 முதல் அமெரிக்க இளைஞர்களை முழுமையாக ஆட்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பாலமார் நடன அரங்கில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் தன் குழுவுடன் வாசித்த இரவை அந்த அலையின் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். அடுத்த சில ஆண்டுகளில் க்ளென் மில்லர், டாமி டார்சி, அவருடைய அண்ணன் ஜிம்மி டார்சி, ஹாரி ஜேம்ஸ், டியூக் எலிங்டன், கவுன்ட் பேஸி, கேப் காலவே ஆகிய குழுத் தலைவர்கள் திரை நட்சத்திரங்களுக்கு நிகரான புகழைப் பெற்றார்கள். இரவுதோறும் வானொலியில் அவர்களுடைய இசை ஒலித்தது. ஆனால் பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு அவர்களை நேரில் காணும் வாய்ப்பு அரிது. காதால் மட்டுமே அறிந்த ஒரு குழுவை முகம் முகமாகப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் கோடிக்கணக்கானோரிடம் இருந்ததை ஸ்டூடியோக்கள் விரைவில் புரிந்துகொண்டன. குழுவை ஒப்பந்தம் செய்தால் அதன் ரசிகர்களும் சேர்ந்தே வருவார்கள். விளம்பரம் பாதி முடிந்துவிடும். வானொலியில் வினாடி வினா நிகழ்ச்சி நடத்திப் பெயர் பெற்ற கே கைசரையும் அவருடைய குழுவையும் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1939இலேயே திரைக்கு அழைத்து வந்து தொடர்ச்சியாகப் படங்கள் எடுத்தது.

இந்த வகையின் இயல்பை ஒரே படத்தில் காண விரும்புவோருக்கு 1941இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்ட ‘சன் வேலி செரினேட்’ போதுமானது. அதன் கதை இதுதான். ஒரு இசைக்குழு (திரையில் அதுவாக வருவது க்ளென் மில்லரின் குழு) விளம்பரத்துக்காகப் போர் அகதி ஒருவரைத் தத்தெடுக்க ஒப்புக்கொள்கிறது. நார்வேயிலிருந்து சிறு குழந்தை ஒன்று வரும் என்று எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்க, கப்பலிலிருந்து இறங்கி வருபவர் வளர்ந்த இளம்பெண். பனிச்சறுக்கு வீராங்கனை சோன்யா ஹெனி அந்தப் பெண்ணாக நடித்தார். குழுவின் பியானோ கலைஞரை அவர் காதலிக்கத் தொடங்க, ஏற்கெனவே அக்கலைஞரோடு பழகிவரும் பாடகிக்குக் கோபம் வர, எல்லோரும் ஐடஹோ மாநிலத்தின் பனிமலை விடுதி ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறார்கள். நார்வேயை ஜெர்மானியப் படை ஆக்கிரமித்தது 1940 ஏப்ரலில். படம் வெளியானபோது அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஐரோப்பாவில் நிகழ்ந்துகொண்டிருந்த பெருந்துயரம் ஒன்று இங்கே நகைச்சுவைக் கதையின் முதல் முடிச்சாகிறது. இதை அலட்சியம் என்று சிலர் கருதக்கூடும். போரைக் கண்ணால் காணாத ஒரு நாடு அதைத் தன் வீட்டு வாசலுக்குள் மெல்ல அனுமதித்த விதமாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

அந்தப் படத்தின் நடுவே வரும் ‘சட்டநூகா சூ சூ’ பாடலை நுணுக்கமாகக் கவனிக்க வேண்டும். காட்சி ஓர் ஒத்திகை. பார்வையாளர் கூட்டம் எதுவும் இல்லை. புகைவண்டி ஒன்று நிலையத்தை விட்டு மெதுவாக நகர்ந்து வேகமெடுக்கும் ஓசையைக் குழு முழுவதும் சேர்ந்து வாத்தியங்களால் எழுப்புகிறது. சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ் பெனிக்கி பாடகர்களுடன் சேர்ந்துகொண்டு, உரையாடல் போலத் தொடங்கும் பாடலைச் சற்றும் அலட்டிக்கொள்ளாத குரலில் பாடுகிறார். பாடல் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணும் நேரத்தில் காட்சி மாறி, புகைவண்டிப் பெட்டி ஒன்றின் முன்னால் கறுப்பினக் கலைஞர்களான டாரதி டான்ட்ரிஜும் நிக்கலஸ் சகோதரர்களும் தோன்றி, அதே பாடலை ஆடிக் காட்டுகிறார்கள். நடனத்தின் துல்லியம் வியக்க வைப்பது. 1942 பிப்ரவரியில், இப்பாடலின் இசைத்தட்டு 12 லட்சம் பிரதிகள் விற்றதைக் கொண்டாடத் தங்க முலாம் பூசிய தட்டு ஒன்றை மில்லருக்கு அளித்தார்கள். தங்க இசைத்தட்டு என்னும் மரபு அதிலிருந்தே தொடங்கியது.

கதையின் மெலிவைக் கண்டு புதிய பார்வையாளர் சோர்ந்துபோவதுண்டு. இந்தப் படங்களில் கதை என்பது பூக்களைத் தொடுக்கும் நார் மட்டுமே. அடுத்த பாடலுக்கு ஒரு காரணம் கிடைக்க வேண்டும். அந்தக் காரணத்தை எவ்வளவு இயல்பாகக் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் எழுத்தாளரின் திறமை அடங்கியிருக்கிறது. ஒத்திகை, வானொலி ஒலிபரப்பு, கல்லூரி விழா, விடுதி நடனம், படைமுகாம் நிகழ்ச்சி ஆகியவை மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம். 1943இல் கொலம்பியா நிறுவனம் எடுத்த ‘ரெவெலி வித் பெவர்லி’ இதில் மிக எளிய வழியைக் கண்டது. அதில் ஆன் மில்லர், படைவீரர்களுக்காக விடியற்காலையில் வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் பெண்ணாக வருகிறார். அவர் ஒரு தட்டைச் சுழலவிட்டால் போதும், அதை வாசித்த குழு திரையில் தோன்றிவிடும். டியூக் எலிங்டனும் அவருடைய குழுவினரும் ‘டேக் தி ஏ டிரெய்ன்’ இசையை ஒரு புகைவண்டிப் பெட்டிக்குள் வாசிப்பது இந்தப் படத்தில்தான். கவுன்ட் பேஸியும், இளம் ஃபிராங்க் சினாட்ராவும் இதே வழியில் வந்து போகிறார்கள். கதை எதையும் இழக்காமல் எவரையும் உள்ளே கொண்டுவரலாம் என்ற இந்த ஏற்பாடு, குறைந்த செலவில் படமெடுத்தவர்களுக்குப் பெரிதும் உதவியது.

படமாக்கும் முறையையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. திரையில் குழு வாசிக்கும்போது நாம் கேட்பது, கேமரா ஓடிய நேரத்தில் எழுந்த ஒலி அன்று. ஒலிப்பதிவு முன்னதாகவே தனி அரங்கில் முடிந்துவிடும். படப்பிடிப்பின்போது அந்தப் பதிவை ஒலிக்கவிட்டு, கலைஞர்கள் தங்கள் விரல்களையும் உதடுகளையும் அதற்கேற்ப அசைப்பார்கள். தமிழ்ப் படங்களில் பாடல் காட்சிகள் எடுக்கப்படும் முறையை அறிந்தவர்களுக்கு இது விளக்கமின்றியே புரியும். சில நேரங்களில் வாத்தியத்தைப் பிடித்திருப்பவரே வேறு ஆளாக இருப்பார். 1942இல் மில்லரின் குழு நடித்த இரண்டாவது படமான ‘ஆர்கெஸ்ட்ரா வைவ்ஸ்’ படத்தில் ஜார்ஜ் மான்ட்கோமரி டிரம்பெட்காரராகவும், சீசர் ரோமரோ பியானோ கலைஞராகவும், பிற்காலத்தில் தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்ற ஜாக்கி கிளீசன் பாஸ் வாசிப்பவராகவும் நடித்தார்கள். உண்மையில் வாசித்தவர்கள் வேறு. அந்தப் படத்தில் மில்லரின் பாத்திரத்துக்கு ஜீன் மாரிசன் என்று பெயர் சூட்டப்பட்டது, ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் இரண்டும் மாறாமல் இருக்கும்படி. அந்த முதலெழுத்துகள் பொறித்த, குழுவின் வழக்கமான இசைக்குறிப்புப் பலகைகளை அப்படியே பயன்படுத்திக்கொள்ள இது வசதியாக இருந்தது. ஃபாக்ஸ் அரங்கில் மில்லர் குழுவின் இசையைப் பல ஒலிவாங்கிகள் வைத்துத் தனித்தனிப் படச்சுருள்களில் பதிந்ததால், பிற்காலத்தில் அவற்றிலிருந்து ஸ்டீரியோ வடிவில் வெளியிட முடிந்தது. அக்காலத்து இசைத்தட்டுகளில் கிடைக்காத தெளிவு இந்தத் திரைப் பதிவுகளில் கேட்பது அதனால்தான்.

இனி போரின் பங்கு. 1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அமெரிக்கா போரில் இறங்கியது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1940 செப்டம்பரில், கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நிறைவேறியிருந்தது. படையில் சேர்க்கப்பட்ட இளைஞர்களின் குழப்பத்தையே சிரிப்பாக்கிய ‘பக் பிரைவேட்ஸ்’ 1941 ஜனவரியில் வெளியாகி, ஆபட், காஸ்டெல்லோ இணையைப் பெரும் நட்சத்திரங்களாக்கியது. ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவரும் அதில் பாடிய ஸ்விங் பாடல்கள் படைமுகாம் வாழ்க்கையைத் துள்ளலான ஒன்றாகக் காட்டின. போர் மூண்ட பிறகு ஆலைகள் இரவும் பகலும் இயங்கின. மக்கள் கையில் பணம் இருந்தது. வாங்குவதற்குப் பொருள் இல்லை. டயருக்கும் சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பங்கீடு வந்தது. காரில் நெடுந்தூரம் போக முடியாதவர்கள் வீட்டுக்கு அருகில் இருந்த திரையரங்குக்கு நடந்து போனார்கள். வாரந்தோறும் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றதாக அக்காலக் கணிப்புகள் கூறுகின்றன.

அரசும் இதை உற்றுக் கவனித்தது. 1942 ஜூனில் அமைக்கப்பட்ட போர்த் தகவல் அலுவலகம், ஸ்டூடியோக்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டு, ஒவ்வொரு படத்தையும் எடுக்கும் முன் ‘இந்தப் படம் போரில் வெல்ல உதவுமா?’ என்று கேட்டுக்கொள்ளச் சொன்னது. அந்தக் கேள்விக்கு வெறும் பாட்டும் சிரிப்புமான ஒரு படம் என்ன விடை சொல்லும்? சோர்ந்த தொழிலாளியும் விடுப்பில் வந்த வீரரும் ஒன்றரை மணி நேரம் மனம் விட்டுச் சிரித்தால் மறுநாள் வேலைக்குத் தெம்பு கிடைக்கும் என்பதே ஸ்டூடியோக்களின் வாதம். அதில் வணிக நோக்கம் கலந்திருந்தது உண்மை. ஆயினும் அந்த வாதம் பொய்யில்லை என்பதைத் திரையரங்குகளில் கூடிய கூட்டமே காட்டியது. இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரு படத்தின் அரங்க அமைப்புக்குப் புதிய பொருள்களுக்கென 5,000 டாலருக்கு மேல் செலவிடக்கூடாது என்று போர் உற்பத்தி வாரியம் 1942இல் வரம்பு விதித்தது. மரமும் ஆணியும் தட்டுப்பாடான அக்காலத்தில், பளபளப்பான தரையும் அழகாகச் சீருடை அணிந்த இருபது கலைஞர்களும் இருந்தால் காட்சி தானாகவே நிறைந்துவிடும் என்பது சிறிய நிறுவனங்களுக்குப் பெரும் ஆறுதல்.

இசைத்துறைக்குள்ளேயே ஏற்பட்ட ஒரு முடக்கமும் இந்தப் படங்களின் மதிப்பைக் கூட்டியது. அறிமுக நூல்களில் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. இசைத்தட்டு நிறுவனங்கள் தரும் ஊதியம் தொடர்பான தகராறில், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவுக்குச் செல்வதை நிறுத்தியது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் டெக்கா 1943இல் சங்கத்தோடு உடன்பட்டது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை உடன்படவில்லை. இதே காலத்தில் இசைத்தட்டு செய்யத் தேவையான அரக்குக்கும் பஞ்சம் வந்தது. அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. போர் மூண்டதும் கடல்வழி ஆபத்தானது, கிடைத்த அரக்கு ராணுவத் தேவைக்கு ஒதுக்கப்பட்டது, பழைய தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியன செய்ய முடியும் என்ற நிலை உருவானது. திரைப்படப் பதிவுகள் சங்கத்தின் தடைக்குள் வரவில்லை. ஆகவே 1943இல் ஒரு குழு புதிதாக என்ன வாசிக்கிறது என்பதைத் தன் ஊரில் இருந்தபடி அறிய விரும்பிய ரசிகருக்கு, வானொலியை விட்டால் திரையரங்கே வழி. இன்று அந்தக் குழுக்களின் அவ்விரண்டு ஆண்டு இசையை ஆராய்பவர்களும் இப்படங்களைத் தேடிப் போவது இதனால்தான்.

இவை போரை முழுதாக மறந்த படங்கள் என்று எண்ணிவிடக்கூடாது. கூர்ந்து பார்த்தால் சீருடை எங்கும் தெரியும். 1942இல் வந்த ‘ஷிப் அஹோய்’ படத்தில் டாமி டார்சியின் குழு வாசிக்க, எலினர் பவல் தன் காலணித் தட்டல்களாலேயே மோர்ஸ் குறியீட்டில் உளவாளிகளைப் பற்றிய செய்தியை அனுப்புகிறார். நியூயார்க்கில் படைவீரர்களுக்கு இலவச உணவும் நடனமும் வழங்கிய விடுதியைக் களமாக்கிய ‘ஸ்டேஜ் டோர் கேன்டீன்’ 1943இல் வெளிவந்தது. கவுன்ட் பேஸி, பென்னி குட்மன், கே கைசர் உள்ளிட்ட ஆறு குழுக்கள் அதில் தோன்றின. நாளை கப்பலேறப்போகும் வீரர்களுக்கு அங்கே ஓர் இரவு மட்டுமே உண்டு. பணிப்பெண்கள் அவர்களைக் காதலிக்கக்கூடாது என்பது விதி. இசை நின்றதும் பிரிவு வரும் என்பது அரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொரு மனைவிக்கும் தாய்க்கும் தெரியும். அதே ஆண்டு, குட்மன் குழுவோடு பஸ்பி பெர்க்லி இயக்கிய ‘தி கேங்ஸ் ஆல் ஹியர்’ எதிர்த்திசையில் போனது. டெக்னிகலர் வண்ணத்தில், கார்மென் மிராண்டாவைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேற்பட்ட வாழைப்பழங்களை ஏந்திய பெண்கள் அணிவகுத்து ஆடும் காட்சி, பங்கீட்டுச் சீட்டோடு கடையில் வரிசையில் நின்று வந்தவர்களுக்கு எத்தகைய விருந்தாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தப் படங்களின் மகிழ்ச்சி எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்விங் இசையை உருவாக்கியதில் கறுப்பினக் கலைஞர்களின் பங்கே முதன்மையானது. இருந்தும் பெரிய படங்களில் நாயகர்களாகத் தோன்றிய குழுக்கள் பெரும்பாலும் வெள்ளையருடையவை. லீனா ஹார்ன் போன்றோரின் பாடல்களை எம்.ஜி.எம். தன் படங்களில் கதையோடு ஒட்டாத தனிக் காட்சிகளாக எடுத்தது; நிறவெறி மிகுந்த தென் மாநிலங்களில் அவற்றை வெட்டி எடுத்துவிட்டுப் படத்தைத் திரையிடலாம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. மேலே சொன்ன புகைவண்டிப் பாடலில் நிக்கலஸ் சகோதரர்களும் மில்லரின் குழுவும் ஒரே சட்டகத்துக்குள் சேர்ந்து ஆடாததை இந்த அறிவோடு மீண்டும் பாருங்கள். கலை உச்சத்தில் இருக்கும் அந்த நிமிடங்களில்தான் அநீதியும் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தப் படங்களை நேசிக்கும் எவரும் இதைக் கடந்துபோகக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வகையின் முடிவு விரைவாகவே வந்தது. க்ளென் மில்லர் 1942இல் தன் குழுவைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்து, விமானப் படைக்கென ஓர் இசைக்குழுவை நடத்தினார். 1944 டிசம்பர் 15ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து பாரிஸுக்குப் பறந்த அவருடைய சிறு விமானம் திரும்பிக் கிடைக்கவில்லை. பல கலைஞர்கள் படைக்குச் சென்றதாலும், பயணச் செலவு உயர்ந்ததாலும், நடன அரங்குகள் மீது 1944இல் விதிக்கப்பட்ட வரியாலும், ரசிகர்களின் நாட்டம் தனிப் பாடகர்கள் பக்கம் திரும்பியதாலும் பெரிய குழுக்களைக் கட்டிக் காப்பது இயலாததாயிற்று. 1946 டிசம்பரில் மட்டும் குட்மன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி, வுடி ஹெர்மன் ஆகியோர் தங்கள் குழுக்களைக் கலைத்தார்கள்; சிலர் பின்னர் மீண்டும் தொடங்கியபோதும் பழைய செல்வாக்கு திரும்பவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை ‘ஸ்டார்மி வெதர்’. 1943இல் ஃபாக்ஸ் எடுத்த இந்தப் படம் 80 நிமிடத்துக்கும் குறைவானது. நடிகர்கள் அனைவரும் கறுப்பினக் கலைஞர்கள். லீனா ஹார்ன் இங்கே வெட்டி எறியத்தக்க ஒட்டுக் காட்சியில் இல்லை, படத்தின் நாயகியாக இருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் காலமான ஃபேட்ஸ் வாலர் பியானோவின் முன் அமர்ந்து புருவத்தை உயர்த்திப் பாடுவதையும் இதில் காணலாம். கதையைப் பின்தொடர அதிகம் முயல வேண்டாம். இறுதிப் பகுதியில் வீரர்களுக்கான விழாவில் கேப் காலவே தன் வெள்ளை நீள் அங்கியோடு குழுவை நடத்தும்போது ‘ஜம்பின் ஜைவ்’ பாடல் வரும். நிக்கலஸ் சகோதரர்கள் வாசிப்பவர்களுக்கு நடுவே மேடைக்கு மேடை தாவி, பிறகு பெரும் படிக்கட்டு ஒன்றில் ஒருவரை ஒருவர் தாண்டிக் கால்களை முழுதாக விரித்து இறங்குவார்கள். முதல் முறை அவர்களுடைய கால்களை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தாவலின்போதும் டிரம்பெட் வரிசை என்ன செய்கிறது என்று கேளுங்கள்.